முதல் ரைபிள்: கடையிலா, பட்டறையிலா?

நேயர்களுக்கு வணக்கம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கரும் ஸ்வப்னில் குசாலேயும் பதக்கம் வாங்கியதிலிருந்து, துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றி விசாரிக்கிற பிள்ளைகள் நம் ராமநாதபுரம் பக்கமும் கூடியிருக்கிறார்கள். மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "சார், முதல் ரைபிளை வாங்குறதா, செஞ்சுக்கிறதா?"

இரண்டாம் பாதிதான் நம் கரைக்கே உரியது. இங்கே வள்ளத்தை ஓடாவி கட்டுகிறார். அதில் ஏறும் எஞ்சினை உள்ளூர் மெக்கானிக் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டிவிடுகிறார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையனுக்கு, "ஒரு குழாய், ஒரு ஸ்பிரிங், ஒரு மரக்கட்டை, இதுக்கா ரெண்டு லட்சம்?" என்று தோன்றத்தான் செய்யும். போதாததற்குக் கையில் செல்போன். அமெரிக்காக்காரர் ஒருவர் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டு மேசையில் வைத்தே முழு ரைபிளைப் பூட்டுகிற காணொளி அதில் ஓடுகிறது. அங்கே சட்டம் ரிசீவர் என்கிற நடுப்பாகத்தைத்தான் துப்பாக்கியாகக் கணக்கில் எடுக்கிறது. அதை முறைப்படி வாங்கிவிட்டால் குழல், கட்டை, விசை (டிரிகர்) எல்லாம் சாதாரண சாமான்தான்.

நம் நாட்டு நிலைமை முற்றிலும் வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும், அதைச் செய்கிற இயந்திரங்களையும் சேர்த்தே வைத்திருக்கிறது. தயாரிக்க, மாற்றியமைக்க, பழுது பார்க்க, எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். உரிமமில்லாமல் துப்பாக்கி தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. ஆயுள் வரைக்கும் போகலாம். பட்டறைக்காரர் தெரிந்தவர், நம்ம மச்சான்தான் என்பதெல்லாம் வழக்கு என்று வந்தால் எடுபடாது. அவரும் கூடவே போவார்.

"அது தோட்டா போடுற துப்பாக்கிக்கு சார், நாங்க கேக்குறது ஏர் ரைபிள்" என்பார்கள். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல், 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி என்றால் காற்று ரைபிள் வாங்க உரிமம் தேவையில்லை, உண்மைதான். கடையில் அடையாள ஆவணத்தைக் கொடுத்து வாங்கலாம். ஆனால் அது வாங்கி வைத்துக்கொள்வதற்கான விலக்கு. வீட்டிலேயே அடித்துக்கொள்ளவும் அதுவே அனுமதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, கடையில் வாங்கியதன் ஸ்பிரிங்கை மாற்றி 'பவர் ஏத்திக்' கொடுக்கிறேன் என்று சிலர் வருவார்கள். 20 ஜூலைத் தாண்டிய அந்த நிமிடமே அது உரிமம் கேட்கிற ஆயுதமாகிவிடும். விளையாட்டுக்கு அந்தச் சக்தி வேண்டியதும் இல்லை. போட்டி ரைபிளில் அரை கிராம் எடையுள்ள பெல்லட், அதாவது ஈயக் குண்டு, விநாடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. ஜூல் கணக்கில் 8 வந்தால் அதிகம்.

சட்டத்தை ஒரு நிமிடம் ஒதுக்கி வைத்துவிட்டு வேலையை மட்டும் பாருங்கள். 10 மீட்டர் போட்டியில் இலக்கு அட்டையின் நடுவில், பத்து மதிப்பெண் தருகிற பொட்டு வெறும் அரை மில்லிமீட்டர். கடுகைவிடச் சின்னது. 60 முறை சுட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உச்சம் 10.9, மொத்தம் 654. பீஜிங்கில் 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் இந்தப் பிரிவில்தான். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் சுட்டதும் இதிலேதான். அந்த நுணுக்கத்துக்குக் குழலின் உட்புற மரை நெடுகிலும் ஒரே சீராக ஓட வேண்டும். விசையோ விரல் பட்டும் படாமலும் விழ வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே எடையில் விழ வேண்டும். வால்தர், ஃபெயின்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் போன்ற ஜெர்மன் கம்பெனிகள் ரைபிளை அனுப்பும்போது, அதே குழலில் சுட்டுப் பார்த்த அட்டையையும் பெட்டிக்குள் வைத்து அனுப்புகின்றன. எத்தனை கைத்தேர்ந்த ஆளானாலும் நம் லேத் பட்டறையில் வருகிற வேலை இல்லை இது.

அப்படியானால் உடனே வாங்கிவிடலாமா? அவசரம் வேண்டாம். முதல் ஆறு மாதம் கிளப் ரைபிளிலேயே சுடட்டும். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இதற்காக மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருக்கலாம். பஸ் செலவுதான், இல்லை என்று சொல்லவில்லை. கல்லூரியில் என்சிசி இருந்தால் பாயிண்ட் டூ டூ ரைபிளைக் கையில் கொடுத்து, தரையில் படுத்துச் சுடச் சொல்லித்தருவார்கள். காசில்லாமல் கிடைக்கிற நல்ல பள்ளிக்கூடம் அது. பிள்ளைக்கு இது பிடிக்கிறதா, ஒன்றேகால் மணி நேரம் ஒரே இடத்தில் அசையாமல் நின்று அலுக்காமல் சுடுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பாதிப் பேர் அந்தக் கட்டத்திலேயே கபடிக்குத் திரும்பிவிடுவார்கள். அதில் ஒரு நட்டமும் இல்லை.

விலகாமல் நிலைத்து நின்ற பிள்ளைக்கு வாங்குங்கள். கம்பெனி ரைபிளைப் புதிதாக வாங்கினால் இரண்டு லட்சத்தைத் தாண்டும், அதனால் கிளப் வழியாகப் பழையது தேடுவதே என் யோசனை. குழலை மடக்கி ஏற்றுகிற ஸ்பிரிங் ரைபிள் மலிவுதான். ஆனால் சுடும்போது முன்னும் பின்னும் உதறும். அந்த உதறலை அடக்கக் கற்றுக்கொள்வதிலேயே பாதிக் காலம் போய்விடும். சிலிண்டரில் காற்றை அடைத்து வைத்திருக்கிற ரகம்தான் இன்றைக்குப் போட்டிகளில் எல்லோர் கையிலும் இருக்கிறது. பழையதில் அதை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது குழலை அல்ல, சிலிண்டரில் பொறித்திருக்கிற தேதியை. கம்பெனி குறித்த காலம், வழக்கமாகப் பத்து ஆண்டு, கடந்த சிலிண்டரோடு போட்டிக்குள் போக முடியாது. புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும்.

சிலிண்டர் என்றதும் நம் கரைக்கு ஒரு எச்சரிக்கை. இதில் 200 பார் அழுத்தத்தில் நிரப்ப வேண்டியது சுத்தமான, ஈரமில்லாத காற்று. கடலில் முங்குகிறவர்கள் முதுகில் மாட்டுகிற சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். படகுப் பட்டறையில் கேஸ் கட்டிங்குக்கு நிற்கிற ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது. உள்ளே துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் போதும், ஆக்ஸிஜன் பட்டால் வெடிக்கும்.

கீழக்கரைப் பக்கம் இன்னொரு யோசனையும் சொல்வார்கள். "மாமா சபுர்லேர்ந்து (வெளிநாட்டிலிருந்து) வர்றாக, வரும்போது ஒன்னு வாங்கிட்டு வரச் சொல்லவா?" வேண்டாம். முன்கூட்டி அனுமதி வாங்காத ரைபிள் சுங்கத்தில் நின்றுவிடும். கூடவே மாமாவும் நிற்பார்.

சரி, கைவேலை தெரிந்த குடும்பம் சும்மாவே இருக்க வேண்டுமா? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. வாங்கிய ரைபிள் உடம்புக்குப் பொருந்தாவிட்டால் ஜெர்மன் குழலாலும் பிரயோசனமில்லை. பொருத்துகிற வேலை முழுக்க நம்முடையது. கன்னம் படுகிற கட்டை, தோளில் ஊன்றுகிற தகடு, ரைபிளைக் கிடத்துகிற மேசை, இலக்குப் பெட்டி, எல்லாம் இங்கேயே செய்யலாம்.

வேதாளைப் பக்கத்து ஓடாவி ஒருவரின் மகள் கிளப்பின் பழைய ரைபிளில் சுட்டுக்கொண்டிருந்தது. ஒல்லி முகம். கன்னக்கட்டை தாழ்வாக இருந்ததால் குறிபார்க்கிற துளைவழியாகப் பார்க்கக் கழுத்தை வளைத்துக்கொண்டே நிற்கும். அப்பா ஒரு நாள் வந்து பார்த்தார். "மூஞ்சியச் சாய்க்காத தாயி, கட்டைதான் ஒங்கிட்ட வரணும்" என்றார். கிளப்பில் கேட்டுக்கொண்டு, பூவரசில் ஒரு கன்னக்கட்டை செதுக்கி வந்தார். பிள்ளையின் கன்னத்தில் முகப்பவுடரைப் பூசிக் கட்டையில் சாயச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் பவுடர் எலும்பு மேட்டில் மட்டும் திட்டாக ஒட்டியிருந்தது. அந்தத் திட்டை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி பவுடர், மறுபடி சாய். கன்னம் முழுக்க ஒரே வெள்ளையாகப் பதிகிற வரைக்கும் விடவில்லை. பலகையோடு பலகை சேர்கிற இடத்தைப் பார்த்துப் பழகிய கண் அது. ரைபிளில் ஒரு துளையும் போடாமல், பழைய கட்டை இருந்த திருகிலேயே மாட்டிக்கொடுத்தார்.

பொருந்திவிட்டதா என்று சோதிக்க வழி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஊன்றித் தலையைச் சும்மா கட்டையில் விட வேண்டும். மூச்சை விட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தால், துளைக்கு நேர் நடுவில், குழல் நுனியில் இருக்கிற முன்காட்சி வளையம் தெரிய வேண்டும். கழுத்தை இழுத்துத்தான் தெரிகிறது என்றால் கட்டையில் இன்னும் வேலை பாக்கி. செய்து முடித்ததும் தராசில் வையுங்கள். எல்லாம் சேர்த்து 5.5 கிலோவுக்கு மேல் போனால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். கன்னக்கட்டைக்கும் தோள்தகட்டுக்கும் தனி அளவுகள் உண்டு. பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு உளியை எடுப்பது நல்லது.

அடுத்தது உப்புக்காற்று. பாம்பனில் வாங்கிய ரைபிளும் கோயம்புத்தூரில் வாங்கிய ரைபிளும் ஒரே மாதிரி கிழமாவதில்லை. வியர்த்த கையால் குழலைத் தொட்டுவிட்டு அப்படியே வைத்தால், மறுநாள் விரல் பட்ட இடத்தில், ரேகை எடுத்த மாதிரி செம்மஞ்சளாகத் துரு பூத்திருக்கும். சுட்டு முடித்ததும் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். உள்ளே ஊற்றாதீர்கள். ரைபிளோடு வருகிற பஞ்சுப் பெட்டி பார்க்க அழகு, பயணத்துக்கு நல்லது. அதிலேயே மாதக்கணக்கில் வைத்தால் பஞ்சு ஈரத்தைக் குடித்துக் குழலோடு ஒட்டவைத்திருக்கும். பூட்டு உள்ள மர அலமாரியில் நிறுத்தி வையுங்கள். பெல்லட் டப்பாவை வேறிடத்தில் வையுங்கள். பெல்லட் ஈயம், தொட்ட கையோடு பணியாரத்தை எடுக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கடைசியாக ஒரு பேச்சு, மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ரைபிள் வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் யாராவது ஒரு சித்தப்பா, "கௌதாரி ஒன்னு தட்டிப் பாப்பமா?" என்று கேட்பார். வேட்டையை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்திருக்கிறது. ஏர் ரைபிளால் சுட்டாலும் வேட்டை வேட்டைதான். நம் மாவட்டத்தில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைச் சரணாலயங்கள். தனுஷ்கோடிப் பக்கம் பூநாரை இறங்குகிறது. சித்தப்பாவுக்கு அவ்வளவு ஆசை என்றால் ஒரு இலக்கு அட்டையை மாட்டி, பத்து மீட்டரில் நிறுத்தி, பத்துப் பெல்லட்டைக் கையில் கொடுங்கள். அதுவும் மொட்டை மாடியில் வேண்டாம். பின்னால் கனத்த சுவரும் குறுக்கே ஆள் வராத ஒதுக்கமும் இருக்கிற இடமாகப் பார்த்துக் கொடுங்கள்.

வணக்கம்.