1877-இல் போட்ட கோடு

(நவம்பர் 1 அன்று நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மழை கொஞ்சம் விட்டதும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். தேவாலாவிலிருந்து வந்தவர்களின் குடையைப் பார்த்தால் அங்கே விடவில்லை என்று தெரிகிறது.

உள்ளே வரும்போது ஒரு தம்பி கேட்டார்: "மாநில எல்லையைப் பத்திப் பேச வரலாற்று வாத்தியாரைத்தானே கூப்பிடணும், சர்வேயரை எதுக்கு சார்?" நல்ல கேள்வி. வாத்தியார் எல்லையைப் படத்தில் பார்த்திருப்பார். நான் அதன் மேல் சங்கிலி இழுத்தவன். 66 அடி நீளம், நூறு கண்ணி. அட்டைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டே இழுத்தது.

சேரங்கோடு பக்கம் ஒருமுறை எல்லைக் கல் ஒன்றைத் தேடி இரண்டு நாள் அலைந்தோம். படத்தில் இருக்கிறது, நிலத்தில் காணோம். யானை தள்ளியிருக்கும், பன்றி தோண்டியிருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தபோது தேயிலைக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா, "நீங்க தேடுறது இதா பாருங்க" என்று செடியை விலக்கிக் காட்டினார். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்ட அவர்கள் வருடக்கணக்காகப் பயன்படுத்திய கல். தலைப்பக்கம் பழைய அம்மி மாதிரி குழிந்திருந்தது. வெட்டியிருந்த அடையாளம் பாதிதான் மிச்சம். கல்லுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா. நடுவில் கத்தி தீட்டிய குழி.

இந்தக் கல் இங்கே எப்படி வந்தது என்று அன்றைக்குத் தோன்றிய கேள்விதான், பிறகு என்னைப் பழைய ஆவணங்கள் பக்கம் இழுத்துவிட்டது.

இன்று நவம்பர் 1. 1956-இல் இதே நாளில்தான் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தன. பொட்டி ஸ்ரீராமுலு 58 நாள் பட்டினி கிடந்து 1952 டிசம்பரில் இறந்தது, அடுத்த ஆண்டு அக்டோபர் 1-இல் ஆந்திரா தனியானது, பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவர் ஆணையம் 1955-இல் அறிக்கை கொடுத்தது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெற்கே மார்ஷல் நேசமணியின் போராட்டம், வடக்கே திருத்தணிக்காக ம.பொ.சி. நடத்திய போராட்டம், கைவிட்டுப்போன தேவிகுளம் பீர்மேடு என்று இந்த நாளில் எல்லா மேடையிலும் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். அந்த வரிசையில் கூடலூர் பெயரை நான் கேட்டதில்லை.

ஏன் என்று சட்டத்தையே எடுத்துப் பார்த்தேன். 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டத்தில் எந்த இடம் எங்கே போகிறது என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு. கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகா மைசூருக்கு. காசர்கோடு தாலுகா கேரளாவுக்கு. மலபார் மாவட்டம், லட்சத்தீவும் மினிக்காயும் நீங்கலாக, அதுவும் கேரளாவுக்கு. முடிந்தது. இந்தப் பட்டியலில் நீலகிரி எங்குமே வரவில்லை.

அதாவது நம் ஊருக்கும் கேரளாவுக்கும் நடுவில் 1956-இல் யாரும் புதிதாகக் கோடு போடவில்லை. மலபார் மாவட்டம் எங்கே முடிந்ததோ அங்கே கேரளா முடிந்தது. சரி, மலபார் மாவட்டம் எங்கே முடிந்தது? அதற்கு இன்னும் பின்னால் போகணும்.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் நீலகிரி மலை கோயம்புத்தூரோடு சேர்ந்து கம்பெனி கைக்கு வந்தது. வயநாட்டை முதலில் மைசூருக்கு எழுதிவைத்துவிட்டு, 1803-இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டுக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. பழசி ராஜா விடாமல் சண்டை போட்டார், 1805 நவம்பரில் உயிரிழந்தார். அதற்கப்புறம் வயநாடு மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதி. நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் கூடலூர், பந்தலூர், தேவாலா, சேரங்கோடு எல்லாமே அந்த வயநாட்டுக்குள்தான் இருந்தன. பழைய தாள்களில் தென்கிழக்கு வயநாடு என்று வரும். நம்பாலக்கோட்டை, முன்னநாடு, சேரங்கோடு என்று மூன்று அம்சங்கள். அம்சம் என்பது மலபார்க் கணக்கில் ஒரு வருவாய்ப் பிரிவு, அதன் தலைவருக்கு அதிகாரி என்று பெயர்.

மேலே மலையில் வேறு கூத்து. 1830-இல் நீலகிரிப் பீடபூமியின் பெரும்பகுதியையே மலபாரோடு சேர்த்தார்கள். 1843-இல் திரும்பக் கோயம்புத்தூரோடு. குந்தா மட்டும் 1860 வரை மலபார்தான். 1868-இல் நீலகிரி தனியாகப் பிரிந்து ஒரு கமிஷனர் வந்தார். 1870-இலிருந்து மதராஸ் அரசாங்கமே கோடையில் உதகைக்குக் குடிவர ஆரம்பித்தது. 1882-இல் கலெக்டர். அரை நூற்றாண்டில் ஒரு மலையை இத்தனை முறை கைமாற்றியிருக்கிறார்கள். ஒருமுறைகூட அங்கே இருந்த தோடரையோ படகரையோ கோத்தரையோ கேட்ட மாதிரி தெரியவில்லை.

இப்போது நம் கதை. 1873-இல் ஓவேலியை மலபாரிலிருந்து எடுத்து நீலகிரியில் சேர்த்தார்கள். ஓவேலி ஏதோ பழைய தமிழ்ப் பெயர் என்று நினைப்பவர்கள் இங்கேயே இருப்பீர்கள். ஆக்டர்லோனி என்ற காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரரின் பள்ளத்தாக்கு அது, முழுப் பெயரைச் சொல்ல வாய் வராமல் ஓ வேலி ஆனது. நான்கு வருடம் கழித்து 1877-இல் தென்கிழக்கு வயநாட்டையும் மொத்தமாகத் தூக்கி நீலகிரியில் வைத்தார்கள்.

எதற்காக? மொழிக்காக இல்லை என்பது மட்டும் உறுதி. அன்று இங்கே காப்பித் தோட்டங்கள் பெருகியிருந்தன. தோட்டக்காரருக்குக் கச்சேரி வழக்கு என்று வந்தால் மானந்தவாடிக்கோ மலை இறங்கிக் கோழிக்கோட்டுக்கோ போகணும். மலை ஏறினால் ஊட்டி. அங்கே கமிஷனரும் இருக்கிறார், கோடையில் கவர்னரும் இருக்கிறார், கிளப்பும் இருக்கிறது. எந்தப் பக்கம் போவார் என்று நீங்களே சொல்லுங்கள். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் தேவாலா பந்தலூரில் தங்கம் என்று ஒரு ஜுரம் கிளம்பி, லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகப் பங்கு விற்று, தோண்டிப் பார்த்து ஒன்றும் தேறாமல் ஓடிப்போனது தனிக் கதை. அந்தக் குழிகள் இன்னும் இருக்கின்றன, மாடு விழுந்தால்தான் தெரியும்.

இந்த மாற்றத்துக்கு அன்று பெரிய சண்டை வந்திருக்க வாய்ப்பில்லை. மலபாரும் மதராஸ் மாகாணம், நீலகிரியும் மதராஸ் மாகாணம். ஒரே பீரோவில் கீழ்த்தட்டில் இருந்த கோப்பை மேல்தட்டில் வைத்த மாதிரி. 79 வருடம் கழித்து அந்தத் தட்டு சுவராகிவிட்டது. நம் தாலுகா எந்தப் பக்கம் என்பது தோட்டக்காரர் காலத்துக் கோப்பிலேயே முடிவாகியிருந்தது.

1956-இல் மொழியைப் பார்த்துக் கோடு போட உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? ஒரு மாநிலத்தில் நூற்றுக்கு எழுபது பேர் ஒரே மொழி பேசினால் அதை ஒருமொழி மாநிலம் எனலாம் என்றது ஆணையம். கூடலூர்ச் சந்தையில் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பணியர் பேச்சு ஒன்று, பெட்டகுறும்பர் பேச்சு ஒன்று, காட்டுநாயக்கருக்கு ஒன்று, முள்ளுக்குறும்பருக்கு ஒன்று, மவுண்டாடன் செட்டிகளுக்கு ஒன்று. மேலிருந்து வந்த படகர். பிறகு மலையாளம், கன்னடம், தமிழ். கணக்கெடுக்க வந்தவர் தமக்குப் புரிந்த மொழியின் பெயரை எழுதிக்கொண்டு போயிருப்பார். டீக்கடையில் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி பேசுகிற ஊர் இது. என் வீட்டிலேயே அப்படித்தான்.

கோடு மாறிய அளவுக்கு நிலத்தின் சட்டம் மாறவில்லை. இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம், ஏனென்றால் இங்கே பாதிப்பேர் வீட்டில் இதன் வலி இருக்கிறது. மேலே உதகையிலும் குன்னூரிலும் ரயத்துவாரி முறை, விவசாயி நேரே அரசுக்கு வரி கட்டுவார். கூடலூரிலோ மலபார் வழக்கப்படி ஜென்மம், அதாவது நிலம் பரம்பரை உரிமையாக ஜென்மி என்ற நிலக்கிழாருக்கு. இங்கே நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பம் ஜென்மி, அவர்களிடமிருந்து தோட்டக் கம்பெனிகளுக்கு நீண்ட காலக் குத்தகை. மாவட்டம் மாறியும் இது மாறவில்லை. அதனால் இந்த ஒரு பகுதிக்காக மட்டும் தமிழ்நாடு 1969-இல் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. நீங்கள் எல்லாரும் தூக்கத்தில்கூடச் சொல்கிற "செக்சன் 17" அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுதான். குத்தகைத் தோட்ட நிலம் என்ன ஆகும் என்று சொல்லும் பிரிவு. அது தீராததால் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் கரண்ட் இல்லை.

சட்டத்தை எதிர்த்துத் தோட்டக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1972-இல் பால்மாடீஸ் வழக்கில், காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. உடனே 1974-இல் அரசியல் சட்டத்தையே 34-வது முறையாகத் திருத்தி, இந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்தார்கள். அங்கே வைத்தால் நீதிமன்றம் தொட முடியாது என்ற நம்பிக்கை. அது சரியா என்று தொடர்ந்த வழக்கு 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் முன் முடிந்தது. ஐ.ஆர். கோயலோ வழக்கு. 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் வைத்த எந்தச் சட்டமும் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்றார்கள். இந்தியா முழுக்க சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள், நம் தேயிலைக் காட்டிலிருந்து கிளம்பியது. இன்னொன்று, கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர்க் காடு அழிவதைப் பார்த்து 1995-இல் போட்ட வழக்கு. 1996 டிசம்பர் 12-இல் வந்த உத்தரவு நாட்டின் எல்லாக் காட்டையும் பிடித்துக்கொண்டது. பத்துச் சென்ட்டுக்குப் பட்டா கேட்டு நம்மாட்கள் அலுவலகத்தில் நிற்கும்போது "கோதவர்மன் கேஸ் இருக்கே" என்கிறார்களே, அது இதுதான்.

சிலோனிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதோடு இன்னொரு கோடும் சேர்ந்தது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. கண்டியில் பிறந்து, மண்டபம் முகாமில் இறங்கி, பந்தலூரில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வந்தவரிடம் "உங்க சொந்த ஊர் எது" என்று படிவம் கேட்கும். நானே கேட்டிருக்கிறேன். சிரித்தார்கள்.

ஒரு சின்ன விஷயம், இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தோடர் என்று போட்டு, அடைப்புக்குள் "கன்னியாகுமரி மாவட்டமும் திருநெல்வேலி மாவட்டத்துச் செங்கோட்டை தாலுகாவும் நீங்கலாக" என்று இருக்கும். கோத்தருக்கும் அதே. எந்தத் தோடர் எருமையை ஓட்டிக்கொண்டு செங்கோட்டை போனார்? பழைய மதராஸ் பட்டியல் அப்படியே இருக்க, 1956-இல் திருவிதாங்கூரிலிருந்து வந்த இடங்களை மட்டும் விலக்கிவைத்தார்கள். எல்லையை மாற்றின கையோடு போட்ட அடைப்புக்குறியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

தண்ணீரும் கோட்டைக் கேட்டு ஓடவில்லை. நம் பாண்டியாறு புன்னம்புழையோடு சேர்ந்து சாலியாறாகிக் கேரளாவுக்குப் போகிறது. பவானி நம் மலையில் பிறந்து அட்டப்பாடிக்குள் நுழைந்து திரும்பத் தமிழ்நாட்டுக்கு வருகிறது. கேள்வி நேரத்தில் பேசலாம்.

கோடு கண்ணுக்குத் தெரிவது எப்போது என்றால், யாராவது அதை மூடும்போதுதான். 2009-இலிருந்து இரவு ஒன்பது மணியோடு கர்நாடகத்துக்குப் போகும் பந்திப்பூர்ச் சாலை அடைத்துவிடும். எட்டரைக்குக் கக்கநல்லாவில் லாரிக்காரர்கள் முகத்தைப் பார்த்தால் தெரியும். 2020 ஊரடங்கில் கேரள எல்லையில் இருக்கும் தாளூரில் அதைவிட மோசம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வீடு இங்கே, வயல் அங்கே. அந்த வருடம் வரப்பில் நின்று பயிரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். நாற்பது வருடமாகத் தாண்டிய வரப்பு. அது மாநில எல்லை என்று அந்த மே மாதம்தான் அவருக்கு உறைத்தது. பாஸ் வாங்கச் சொன்னார்கள், மாட்டுக்கும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

சீட்டில் ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்கள்: "1877-இல் மாற்றாமல் விட்டிருந்தால் நாம் எங்கே இருந்திருப்போம்?" அநேகமாக வயநாடு மாவட்டத்தில். அந்த மாவட்டத்துக்கும் இன்றைக்குத்தான் பிறந்தநாள், 1980 நவம்பர் 1. உங்களுக்கு ரேஷன் கார்டு மலையாளத்தில் இருந்திருக்கும், சுல்தான் பத்தேரியில் ஜப்திக்கோ நிலவரிக்கோ வரிசையில் நின்றிருப்பீர்கள், இதே கூட்டத்தை அங்கே நடத்தியிருப்பீர்கள். அது நல்லதா கெட்டதா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்ல வராது. என் மகளை எல்லையில் இருக்கும் பாட்டவயல் தாண்டித்தான் கட்டிக்கொடுத்திருக்கிறேன். பேரனுக்கு நாளைக்குப் பிறந்தநாள். பத்தேரிக்குக் கடைசி வண்டி போய்விட்டதா என்று யாராவது வெளியே பார்த்துச் சொல்லுங்கள்.