தரவை நிலமும் வடதிசைப் பறவைகளும்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். பருவகாலத்தில் இலங்கையின் வடபகுதிக் கரையோரங்களுக்கு வந்து தங்கிச் செல்லும் நீர்ப்பறவைகளைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் அழைத்தபோது, பறவைகளைவிட அவை நின்று இரை தேடும் நிலத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். அந்த நிலம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வல்லை வெளியைப் பேருந்தில் கடக்கும்போது இரு பக்கமும் தெரிவது அது. ஆனையிறவில் தெரிவது அது. மதவாச்சியிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதியில், தள்ளாடியை நெருங்கும்போது, மரமும் வீடும் ஒழிந்து வானமும் நீரும் மட்டும் மிஞ்சுகின்ற அந்தப் பரப்பும் அதுதான். ஆண்டில் சில மாதங்கள் நீருக்கடியில் கிடந்து, மிகுதி மாதங்களில் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும் இந்த நிலத்தை நம்மவர் தரவை என்பார்கள். நெல் விளையாது, கிணறு வெட்டினால் உவர்நீர்தான் வரும், ஆகவே பயனற்றது என்று ஆவணங்களில் எழுதிவிடுகிறோம். குப்பை கொட்டவும், மண் நிரப்பிக் கட்டடம் எழுப்பவும் இடம் தேடுகிறவர்களின் கண் முதலில் விழுவதும் இதன் மேல்தான். பயனற்றது என்ற அந்த முடிவுதான் தவறு என்பதை இந்த உரையில் நான் பலமுறை சொல்லப் போகிறேன். நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை இந்தத் தரவைகளை நிரப்புகிறது. நிரப்புகிறது என்றால் ஆழமாக அல்ல. பெரும்பாலான இடங்களில் கணுக்காலளவு, சில இடங்களில் முழங்காலளவு. மழை ஓய்ந்து ஜனவரி பிறந்ததும் வெயிலும் காற்றும் அந்த நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கத் தொடங்குகின்றன. நமது கடல்நீரேரிகளில் வற்றுப்பெருக்கின் உயர வேறுபாடு மிகவும் குறைவு என்பதால், நீரின் விளிம்பை இடம்பெயரச் செய்வது பெரும்பாலும் காற்றும் இந்த வற்றுதலுமே. விளிம்பு பின்வாங்கப் பின்வாங்க, புழுவும் சிறு நத்தையும் நுண்ணிய இறாலினங்களும் நிறைந்த புதிய சேறு வெளிப்படுகிறது. விரல் நீளக் காலுள்ள சிறு உள்ளான் ஈரச் சேற்றில் ஓடியோடிக் கொத்துகிறது. நீண்ட அலகுடைய மூக்கன் சற்று உள்ளே நின்று சேற்றுக்குள் அலகை முழுவதும் இறக்குகிறது. ஊசிவால் வாத்து இன்னும் சற்று ஆழத்தில் தலைகீழாகக் கவிழ்ந்து அடிமட்டத்துப் பாசியையும் விதையையும் எடுக்கிறது. பூநாரை தன் உயரத்தை நம்பி அதற்கும் அப்பால் நடந்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி வடிகட்டி உண்கிறது. ஒரே பந்தியில் அமர்ந்திருந்தாலும் ஒருவர் இலையில் இன்னொருவர் கை வைப்பதில்லை. இந்த ஒழுங்கு முழுவதும் நீரின் ஆழத்தையும் உப்பின் அளவையும் நம்பி நிற்கிறது என்பதை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்திருங்கள். பின்னால் அது வேண்டியிருக்கும்.

இந்தப் பறவைகளில் பல, சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை. அங்கே நிலம் உறையத் தொடங்கும்போது, முப்பது நாடுகளில் விரிந்து கிடக்கும் மத்திய ஆசியப் பறப்புப் பாதையில் தெற்கு நோக்கி வருகின்றன. அந்தப் பாதையின் தெற்கு எல்லைகளுள் ஒன்று இலங்கை. நமக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரைக்கும் சொல்லத்தக்க நிலமே கிடையாது. ஆகவே கோடியக்கரைப் பக்கமிருந்து பாக்கு நீரிணையைக் கடந்தோ, இராமர் அணையின் மணல்திட்டுகளை ஒட்டியோ வந்துசேரும் ஒரு பறவைக்கு, இந்த இடம் சரியில்லை, இன்னும் சற்றுத் தள்ளிப் போகலாம் என்று சொல்ல அதிக வழியில்லை.

கடற்காகங்களைப் பற்றி இங்கே சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. மன்னார்க் கரையில் வள்ளம் ஒதுங்கியதும் மீன் குடலுக்குச் சண்டை பிடிக்கும் பெரிய சாம்பல் முதுகுப் பறவைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை எவரும் நின்று பார்ப்பதில்லை; பூநாரைக்குக் கிடைக்கும் மரியாதையில் பத்தில் ஒரு பங்குகூட அவற்றுக்குக் கிடையாது. ஹியூக்லின் கடற்காகம் என்று பறவையியலாளர் அழைக்கும் இந்த இனத்துப் பறவைகளுக்கு, கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் மன்னாரில் வைத்து, வெயிலிலேயே மின்னூட்டம் பெறும் சிறு இடங்காட்டிக் கருவிகளைப் பொருத்தினார்கள். இரண்டு பறவைகளுக்கு மேகா, மெனிக்கே என்று பெயரும் வைத்தார்கள். அவை துணைக்கண்டத்தைக் கடந்து, மத்திய ஆசியாவைக் கடந்து, வட துருவ வட்டத்துக்குள் இருக்கும் ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை சென்றதைக் கருவிகள் காட்டின. மன்னாருக்கும் யமாலுக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தாலே 6,500 கிலோமீற்றருக்குக் குறையாது. பறவை நேர்கோட்டில் பறப்பதில்லை. கடற்கரைகளையும் ஏரிகளையும் தொட்டுத் தொட்டுப் போகிறது. ஆகவே போய்த் திரும்பும் பயணம் 19,000 கிலோமீற்றர் அளவுக்கு வந்தது. இதை நான் மன்னார்த் துறையில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் விவரித்தபோது, அவர் வேலையை நிறுத்தாமலே, "உலகம் சுத்தின பிள்ளைதான் தம்பி, ஆனாலும் எங்கட மீன்குடலைத் தேடியெல்லோ திரும்பி வருது" என்றார். ஆய்வறிக்கை ஒன்றின் முடிவுரையில் இருக்க வேண்டிய வாக்கியம் அது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஏனெனில் குளிர்நாட்டில் இனப்பெருக்கம் நிகழ்ந்தாலும், அதற்குப் புறப்படத் தேவையான கொழுப்பு சேர்வது நம் கரையில்தான். மார்ச், ஏப்ரல் மாதங்களில் புறப்படுவதற்கு முன்னர் சில கரைப்பறவைகள் தம் உடல் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக் கொள்கின்றன. அந்த வாரங்களில் ஒரு கூட்டத்தை நாயோ வாகனமோ மீண்டும் மீண்டும் எழுப்பிவிட்டால், சேர்த்த எரிபொருளை அவை வீணே செலவிட நேர்கிறது.

மன்னார் வங்காலைப் பகுதி 2008ஆம் ஆண்டு சரணாலயமாகவும், 2010இல் 4,839 ஹெக்டேயர் பரப்போடு நாட்டின் நான்காவது ராம்சார் ஈரநிலமாகவும், அதாவது உலகளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்த நிலமாகவும், அறிவிக்கப்பட்டது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் கூடும் இடம் என்பது ராம்சார் உடன்படிக்கையின் அளவுகோல்களுள் ஒன்று. வங்காலை அதைத் தாண்டுகிறது. ஆனால் அறிவிப்புப் பலகை மட்டும் பறவையைக் காப்பாற்றுவதில்லை என்பதற்குத் தெற்கே ஓர் உதாரணம் இருக்கிறது. நாட்டின் முதலாவது ராம்சார் நிலம் அம்பாந்தோட்டையின் பூந்தல. அங்கே ஒரு காலத்தில் பூநாரைகள் பெருங்கூட்டமாக நின்றன. லுணுகம்வெஹெர நீர்ப்பாசனத் திட்டத்துக்குப் பிறகு வயல்களின் கழிவு நீர் எம்பிலிகல, மலல களப்புகளுக்குள் இறங்கியது. உப்பு குறைந்தது, அந்த உப்பை நம்பி வாழ்ந்த சிற்றுயிர்கள் குறைந்தன, பூநாரைகள் அவ்விடத்தைக் கைவிட்டன. எவரும் அவற்றைச் சுடவில்லை, களப்பை மூடவும் இல்லை. நல்ல தண்ணீர்தான் உள்ளே போனது. ஆழத்தையும் உப்பையும் மனதில் வைத்திருங்கள் என்று முன்பு நான் கேட்டது இதற்காகத்தான். யாழ்ப்பாணத்தின் கடல்நீரேரிகளை நன்னீராக்கும் யோசனை நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. குடாநாட்டுக் கிணறுகளின் நிலையை அறிந்தவன் என்ற முறையில் அந்த யோசனையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அதற்கான மதிப்பீட்டில் தரவையும் பறவையும் ஒரு வரியில் கடந்து செல்லப்படுவதை என்னால் ஏற்க முடியாது. தீவுகளுக்குப் போகும் தாம்போதிகளுக்கும், அதாவது கடல்நீரின் குறுக்கே அணைபோல் எழுப்பிய வீதிகளுக்கும், இது பொருந்தும்: போதிய நீர்வழிகள் விடாமல் கட்டப்பட்ட ஒவ்வோர் அணையும் அதன் இரு பக்கத்து நீரையும் வெவ்வேறாக்கிவிடுகிறது. மீனவர்கள் இதை நம்மைவிட முன்னரே சொன்னவர்கள்.

விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கம் 2016இல் 29,180 ஹெக்டேயரில் அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதம் அதிலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானி வெளியானது. சூழலியல் அமைப்புகள் வழக்குத் தொடுக்க, உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவால் அதை நிறுத்தி வைத்தது. இருபத்தொன்பதாயிரத்தில் நூற்று அறுபத்தெட்டு சிறு துண்டுதானே என்று கேட்பவர்கள் புத்தளத்தைப் பார்த்து வரலாம். அங்கே கண்டல் காட்டை அழித்து வெட்டிய இறால் பண்ணைகளில் பெரும் பகுதி, வெண்புள்ளி நோய் தாக்கிய பின்னர் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. இறாலும் இல்லை, கண்டலும் திரும்பவில்லை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். காற்றாலைகளைப் பற்றிச் சொல்லவிருந்ததைச் சுருக்கிக்கொள்கிறேன். மன்னாரில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 100 மெகாவாற்று நிலையத்தில் முப்பது காற்றாலைகள் இருக்கின்றன. பறவைக் கூட்டம் நெருங்கினால் நிறுத்துவதற்கென்று ராடார் வசதியும் உண்டு. எனக்குக் காற்றாலையைவிட மின்கம்பி மீதுதான் கவலை அதிகம், ஏனெனில் இருட்டத் தொடங்கும் நேரத்தில் தாழப் பறக்கும் பூநாரைக்குக் கம்பி தெரிவதில்லை. கம்பியில் மோதி இறந்த பறவைகள் பற்றிய செய்திகள் மன்னாரிலிருந்து வந்திருக்கின்றன. ஆழமற்ற நீரில் கடலட்டைப் பண்ணைகளுக்காக இழுக்கப்படும் வலைவேலிகளைப் பற்றியும் குறிப்பெடுத்து வந்திருந்தேன். அதற்கு இன்று நேரமில்லை.

ஒரேயொரு வேண்டுகோளுக்கு நேரமிருக்கிறது. காலில் வளையமோ, நிறப்பட்டியோ, முதுகில் சிறு கருவியோ உள்ள பறவையை உயிரோடு அல்லது இறந்த நிலையில் கண்டால், எண், நிறம், எந்தக் கால், எந்த இடம், எந்தத் திகதி என்பவற்றைக் குறித்து, இயன்றால் கைப்பேசியில் படமெடுத்து, அருகிலுள்ள வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கோ பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கோ தெரிவியுங்கள். உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்ற முயல வேண்டாம்.