காணிக்கைப் பையிலிருந்து பட்ஜெட் வரை: ஒரு திருச்சபை தன்னைத் தானே நடத்துவது எப்படி?

[காட்சி: ஆராதனை முடிந்து மக்கள் வெளியே வருகிறார்கள். கேமரா எதிர்த்திசையில் உள்ளே போகிறது.]

ஞாயிறு காலை. ஆசீர்வாதம் கூறியாயிற்று. வாசலில் டீ டம்ளர்களோடு பேச்சு தொடங்கிவிட்டது. நாம் உள்ளே போவோம். பீடத்துக்கு அருகே உள்ள வெஸ்டிரி அறையில் மூன்று பேர் காணிக்கைப் பையை மேசைமேல் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பத்து ரூபாய் நோட்டுகள் ஒரு பக்கம், உறைகள் இன்னொரு பக்கம். ஓர் உறையில் பிறந்தநாள் ஸ்தோத்திரம், இன்னொன்றில் பொருத்தனை. எண்ணி முடித்தவர்கள் பதிவேட்டில் தொகையை எழுதிக் கையெழுத்திடுகிறார்கள்.

இந்தப் பணத்தை என்ன செய்வது என்று யார் முடிவு செய்கிறார்கள்? சபையை நடத்தும் ஆயரா? பல சபைகளுக்கு மேலான பேராயரா? மக்களா? சென்னையில் உள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் இதற்கு விடை: மூவரும்.

[காட்சி: கதீட்ரல் சாலை, செயின்ட் ஜார்ஜ் பேராலயம்.]

ஏன் மூவரும் என்பதற்கு இந்த நகரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1815இல் கட்டப்பட்ட இந்தப் பேராலயம் ஆங்கிலிக்கன் மரபைச் (இங்கிலாந்துத் திருச்சபையின் மரபு) சேர்ந்தது. அங்கே பேராயரே திருச்சபையின் மேய்ப்பர். எழும்பூரில் ‘கிர்க்’ என்று சென்னைக்காரர்கள் அழைக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம் 1821இல் திறக்கப்பட்டது. அது ஸ்காட்லாந்து பிரெஸ்பிடேரியன்களுடையது. அந்த மரபில் பேராயர் கிடையாது. மூப்பரும் போதகரும் கூடிய மன்றமே ஆளும். லண்டன் மிஷன் வழியாக வந்த காங்கிரிகேஷனல் மரபோ, உள்ளூர் சபை மக்கள் கூடி எடுப்பதே முடிவு என்றது. மெதடிஸ்டுகளும் தங்களுடைய வழியோடு இங்கே இருந்தார்கள். ஒரே ஊர், ஒரே வேதம். ஆனால் ஆங்கிலிக்கன்களும் மற்றவர்களும் ஒரே திருவிருந்தில் சேர முடியாத நிலை.

1919இல் தரங்கம்பாடியில் ஒரு கூட்டம் நடந்தது. கூடியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியப் போதகர்கள். ‘இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, இவை எங்கள்மேல் சுமத்தப்பட்டவை’ என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். அந்தக் கூட்டத்தில் முன்னின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். அன்று தொடங்கிய பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீண்டது. அசரியா 1945இன் முதல் நாளில் இறந்துபோனார். நாடு சுதந்திரம் பெற்று 43ஆம் நாள், 1947 செப்டம்பர் 27 அன்று, இதே கதீட்ரல் சாலைப் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதைக் காண அவர் இல்லையே என்ற ஏக்கம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வரும்.

அன்று எந்த மரபும் தோற்கவில்லை. பேராயர் இருப்பார், ஆனால் சட்டத்துக்கு உட்பட்டு இருப்பார். மன்றங்கள் இருக்கும். உள்ளூர்ச் சபைக்கு வாக்கு இருக்கும். ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதி ஒரு பேராயம். 14 பேராயங்களோடு தொடங்கியது, இன்று யாழ்ப்பாணத்தையும் சேர்த்து 24.

[காட்சி: ஆலய அறிவிப்புப் பலகையில் வாக்காளர் பட்டியல்.]

இனி நம் சபைக்கு வருவோம். ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபை அல்லது சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். திருமுழுக்குப் பெற்று, திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) முடிந்து, திருவிருந்தில் பங்குபெற்று, சந்தா செலுத்துகிறவர்கள் வாக்காளர்கள். அவர்கள் தேர்ந்தெடுப்பது சேகரக் குழு. பலர் இன்னும் பாஸ்டரேட் கமிட்டி என்றே சொல்கிறார்கள். ஆயர்தான் தலைவர். செயலாளரும் பொருளாளரும் சபை மக்களே.

ஆயரைச் சபை தேர்ந்தெடுப்பதில்லை. பேராயம் அனுப்புகிறது, சில ஆண்டுகளில் மாற்றுகிறது. ஆயர் மாறுதலாகிப் போகும் ஞாயிறுகளில் பீடத்தருகே எத்தனை கண்ணீர்! சேகரத்தின் பிரதிநிதிகள் பேராய மன்றத்துக்குப் போவார்கள். அங்கிருந்து சிலர் முழுத் திருச்சபைக்குமான உச்ச மன்றமாகிய சினாடுக்குப் போவார்கள். அதன் அலுவலகம் ராயப்பேட்டையில். பேராயர் பதவி காலியானால், பேராய மன்றம் வாக்களித்துச் சிலரின் பெயர்களை அனுப்பும், அவர்களில் ஒருவரைச் சினாடு நியமிக்கும். ஆலய நிலமும் கட்டடமும் பொதுவாக சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பவை. உள்ளூர்க் குழு நினைத்த மாத்திரத்தில் ஒரு செண்ட் இடத்தையும் விற்க முடியாது.

பெண்களுக்கு இந்த அமைப்பில் இடம் மெதுவாகத்தான் வந்தது. முதல் பெண் ஆயர் 1976இல், முதல் பெண் பேராயர் 2013இல், நந்தியாலில். ஆனால் இன்றும் பல சேகரக் குழுக்களில், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாள் முழுக்க உழைப்பவர்களுக்கு நிதிக் கூட்டத்தில் நாற்காலி குறைவு.

ஒரு வேதனையையும் மறைக்க விரும்பவில்லை. தேர்தல் நெருங்கும்போது, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்தவர்கள் சொந்த ஊர், சாதி, குடும்பம் என்று பிரிந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வழக்குகள் நீதிமன்றம்வரை போகின்றன. வாக்கு என்பது நம் முன்னோர் மிஷனெரிகளிடமிருந்து பொறுப்பை வாங்கிக் கையில் எடுத்ததன் அடையாளம். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து ஊழியம் நடத்தியவர்களின் பிள்ளைகள் நாம். அந்த வாக்கை இப்படிச் செலவழிக்கலாமா?

[காட்சி: சென்னை வரைபடம். புள்ளிகள் நகரின் விளிம்பை நோக்கி நகர்கின்றன.]

எங்கள் சபையில் ஒருமுறை உறுப்பினர் முகவரிகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தோம். ஒரு காலத்தில் எல்லாரும் நடந்து வரும் தூரத்தில் இருந்தவர்கள். இன்று தாம்பரம், ஆவடி, மேடவாக்கம். ஞாயிறு மின்சார ரயிலிலும் பேருந்திலும் வந்து, அப்படியே திரும்புகிறார்கள். அப்படியானால் ஆலயத்தைச் சுற்றி இப்போது யார் வாழ்கிறார்கள்? கட்டட வேலைக்கு வந்த ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. தமிழ் ஆராதனையின் கடைசி வரிசையில் புரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் முதியவர்கள். பள்ளி விட்டதும் படிக்க இடமில்லாத குழந்தைகள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் கூட்டம் கூட்டவில்லை. யாரோ சாவியைக் கொண்டுவந்தார், மண்டபம் திறந்தது, அடுப்பு எரிந்தது. அப்போது சிலர், ‘கமிட்டி எதற்கு, இப்படியே செய்தால் போதுமே’ என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளத்துக்கு மனம் போதும். அடுத்த பத்து ஆண்டுகள் மாலை வகுப்பு நடத்த மின் கட்டணம் யார் கட்டுவது, ஆசிரியைக்கு மாதம் எவ்வளவு, ஆயர் மாறினால் யார் தொடர்வது என்று யாராவது எழுதி வைத்தாக வேண்டும். அதற்குத் தீர்மானப் புத்தகமும் பொருளாளரும் வேண்டும்.

ஆகவே, சபையின் எதிர்கால நோக்கம் என்று வண்ண அட்டையில் அச்சிட்டுத் தந்தால் நான் முதலில் அதைப் படிக்க மாட்டேன். வரவு செலவுக் கணக்கைக் கேட்பேன். நீங்களும் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். சுற்றுச்சுவருக்கு உள்ளே செலவானதைச் சிவப்பு மையில் குறியுங்கள்: பெயின்ட், ஒலிபெருக்கி, ஏ.சி., விழாப் பந்தல். வெளியே போனதைப் பச்சை மையில் குறியுங்கள். பேராயத்துக்குச் செலுத்தும் பங்கை எந்த நிறத்தில் குறிப்பது என்பதற்கே ஒரு நல்ல விவாதம் நடக்கும், நடக்கட்டும். எங்கள் கணக்கில் பச்சைக் குறிகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன.

[காட்சி: ஆண்டுப் பொதுக்கூட்டம். பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்து நிற்கிறார்.]

அந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்தார். பெண்கள் சங்கத்தில் நெடுங்காலம் இருப்பவர். மாலை வகுப்பு ஆசிரியைக்குக் கொடுக்கும் தொகை கணக்கில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பொருளாளர் பக்கங்களைப் புரட்டினார். ‘இதரச் செலவுகள்’ என்ற தலைப்பின் கீழ், பூச்செண்டுக்கும் தபால் தலைக்கும் நடுவே இருந்தது.

“அதற்குத் தனியாக ஒரு வரி போடுங்கள், ஐயா” என்றார் அவர்.

ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், செயலாளர் எழுதிக்கொண்டார். இந்த ஆண்டு பட்ஜெட்டில், ‘ஆலயப் பராமரிப்பு’ என்ற வரிக்கு அடுத்ததாக ‘மாலை வகுப்பு’ என்று அச்சாகியிருக்கிறது.