இன்ஜின் ரெடி, படகு? ஆலிவர் சைட்லர் தங்கம் ஜெயிச்ச வழி

[திரையில்: மேலிருந்து எடுத்த ஒற்றையர் படகு]

இந்தப் படகோட எடை வெறும் 14 கிலோதான். நீளம் 8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஆனா தண்ணியைத் தொடுற இடத்துல அகலம் 30 சென்டிமீட்டர்கூட வராது. கைக்கு ஒண்ணா இருக்கிற ரெண்டு துடுப்பும்தான் இதைக் கவிழாம நிறுத்துது. இதுக்குப் பேர் சிங்கிள் ஸ்கல். போட்டித் தூரம் 2000 மீட்டர்.

2016 வரைக்கும் ஜெர்மனியோட ஆலிவர் சைட்லர் ஒரு நீச்சல் வீரர். ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி கிடைக்கல. அதே வருஷம், 20 வயசுல, துடுப்பு பக்கம் வந்தார். வீட்டுக்கு இது புதுசில்ல: தாத்தா ஹான்ஸ்-யோஹான் ஃபெர்பர் 1972 மியூனிக் ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின நால்வர் படகுல இருந்தவர். அப்பா ஹைனோதான் கோச்.

நீச்சலால இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே தயார். உயரம் 2.03 மீட்டர், அதனால ஒவ்வொரு இழுப்பும் நீளம். ஜிம்ல இருக்கிற எர்கோமீட்டருக்கு, அதாவது துடுப்பு போடுற மெஷினுக்கு, இது போதும். அந்த மெஷின் கவிழாதே!

[திரையில்: உருளும் சீட், ஸ்லோ மோஷன்]

சீட்டைக் கவனிங்க. துடுப்பு போடுறவர் படகோட பின்முனையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார். இழுத்து முடிச்சதும் அது பின்முனைப் பக்கம் உருளும். மேல இருக்கிற உடம்போ படகைவிடப் பல மடங்கு கனம். அவசரப்பட்டு உருண்டு வந்து கால் பலகையில மோதினா, அந்த வேகம் படகைப் பின்னாடி தள்ளும். இழுத்துச் சேர்த்த வேகத்துல ஒரு பங்கு அங்கயே போச்சு. எவ்வளவு பலம் இருந்தாலும் இந்த நிதானம் தண்ணியில மட்டும்தான் பழகும்.

2019, ஆஸ்திரியாவோட லின்ஸ். சைட்லர் உலக சாம்பியன். ரெண்டாவதா வந்த ஸ்வெரி நீல்சனோட வித்தியாசம் 0.03 விநாடி. விநாடிக்கு சுமார் 5 மீட்டர் வேகத்துல அது 15 சென்டிமீட்டர்.

டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அவர்தான் ஃபேவரிட். அரையிறுதியில காத்து, அலை. இந்த மாதிரித் தண்ணியில என்ன ஆகுது? துடுப்பு திரும்பி வர்றப்போ அலை முனையில தட்டும். தட்டாம இருக்க கையை இன்னும் கீழ அழுத்தணும். அப்போ துடுப்பு தண்ணிக்குள்ள இறங்குறது லேட் ஆகும், இழுப்போட முதல் பகுதி காத்துல வீணாகும். உயரமான ஆளுக்கு ஈர்ப்பு மையமும் மேல இருக்கிறதால ஆட்டம் கூடும். முதல் மூணு பேருக்குத்தான் இறுதிச்சுற்று, சைட்லர் நாலாவது.

2022-ல சொந்த ஊர்ப் பக்கம் மியூனிக்ல நடந்த ஐரோப்பிய போட்டியிலயும் நாலாவது இடம்தான். ஆனா அடுத்த மாசமே செக் நாட்டு ராசிட்சேல உலகப் பட்டம், 2023-ல பெல்கிரேடுல மறுபடியும்.

[திரையில்: வேர்-சூர்-மார்ன், பாரிஸ் ஒலிம்பிக் படகுப் போட்டி நடந்த இடம், 2024]

பாரிஸ் அரையிறுதியில 6:35.77, ஒலிம்பிக்ல அதுவரை யாரும் தொடாத நேரம். இறுதியில 6:37.27. வெள்ளி வாங்கின யவ்ஹேனி ஸலாட்டி வர அஞ்சு விநாடிக்கு மேல ஆச்சு. கணக்குப் பார்த்தா மூணு படகு நீளம். ஆண்கள் ஒற்றையர்ல 1992-ல தாமஸ் லாங்கே ஜெயிச்சதுக்கு அப்புறம் ஜெர்மனிக்கு வந்த முதல் தங்கம் இதுதான்.