ரானி ஸ்பெக்டர்: குரலும் உரிமையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

முதன்மைப் பாடகி என்றதும் அவரையே குழுவின் தலைவி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். 1960களின் அமெரிக்கப் பெண்கள் இசைக்குழுக்களில் நிலைமை அப்படி இருக்கவில்லை. எந்தப் பாட்டைப் பாடுவது, இசைத்தட்டின் உறையில் யார் பெயரை அச்சிடுவது என்பதையெல்லாம் தயாரிப்பாளரே முடிவு செய்தார். 1962இல் கிறிஸ்டல்ஸ் குழுவின் பெயரில் வெளிவந்து அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாட்டில் அக்குழுவினர் ஒருவர்கூடப் பாடவில்லை. பாடியவர் டார்லீன் லவ். அதைத் தயாரித்த ஃபில் ஸ்பெக்டரிடம்தான் மறு ஆண்டு வெரோனிகா பென்னட் என்ற இளம்பெண் வந்து சேர்ந்தார். ரானி ஸ்பெக்டர் என்று பின்னாளில் உலகம் அறிந்த அவரைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

1943 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் பிறந்தவர் ரானி. தந்தை ஐரிஷ் வழிவந்த வெள்ளையர். தாய் ஆப்பிரிக்க அமெரிக்க, செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி மரபினர். வானொலியில் ஃபிராங்கி லைமன் என்ற சிறுவனின் பாட்டைக் கேட்டுக் கேட்டே அவர் தம் குரலைப் பழக்கிக்கொண்டார். அக்கா எஸ்டெல், தாய்வழி உறவுப் பெண் நெட்ரா டாலி ஆகியோருடன் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள அப்போலோ அரங்கில் புதியவர்களுக்கான மேடையில் பாடினார். உயர்த்திக் கட்டிய கொண்டையும் கண்ணோரம் தடித்து நீண்ட மையும் அக்குழுவின் அடையாளம் ஆயின. அவற்றை யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. தம் தெருப் பெண்களைப் பார்த்துத் தாமே செய்துகொண்ட ஒப்பனைதான்.

ஃபில் ஸ்பெக்டருக்கு வேண்டியிருந்தது ரானியின் குரல் மட்டுமே. மூவரையும் சேர்த்தால்தான் ஒப்பந்தம் என்று தாய் உறுதியாக நின்றதால், ரொனெட்ஸ் என்ற பெயரில் மூவரும் கையெழுத்திட்டனர்.

1963 கோடையில் லாஸ் ஏஞ்சலிஸின் கோல்ட் ஸ்டார் ஒலிப்பதிவுக் கூடத்தில் 'பி மை பேபி' பதிவாயிற்று. ஹால் பிளெய்ன் டிரம்ஸில் மூன்று கனத்த அடி போட்டு நான்காவதைச் சுளீரென்று இறக்குவார். அந்தத் தொடக்கத்தை எத்தனையோ பேர் பின்னர் எடுத்தாண்டுவிட்டார்கள். பல கிதார்களும் பியானோக்களும் ஒரே அறையில் முழங்க, அந்த ஒலியை எதிரொலி அறை வழியே செலுத்தி இன்னும் பெருக்கினார்கள். அத்தனை இரைச்சலுக்கு மேலே, சற்றே மூக்கால் ஒலித்து, ஒவ்வோர் அடியின் ஈற்றிலும் நடுங்கி அசையும் குரல் ஒன்று கேட்கிறது. கூடத்தின் பெண்கள் கழிப்பறையில் எதிரொலி நன்றாக இருந்ததால் அங்கே நின்றுதான் அந்த அசைவுகளைப் பழகினேன் என்று ரானியே சொல்லியிருக்கிறார். பாட்டைச் 'சுவர்போன்ற ஒலி' என்று சொல்லித் தயாரிப்பாளரையே புகழ்வது எழுதுவோர் வழக்கம். அந்தச் சுவரில் வேறு குரலை வைத்துப் பாருங்கள், நமக்கு இத்தனை நெருக்கமாக இருக்குமா என்பது என் ஐயம்.

பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாம் இடத்தை எட்டியது. 1964 ஜனவரியில் ரொனெட்ஸ் பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்தபோது, அவர்களுக்கு முன்னால் மேடையேறிய துணைக்குழுவின் பெயர் ரோலிங் ஸ்டோன்ஸ். ஆனால் 1966இல் பீட்டில்ஸின் கடைசி அமெரிக்கப் பயணத்தில் ரொனெட்ஸ் பாடியபோது முதன்மைப் பாடகி அங்கே இல்லை. ஃபில் அவரைப் போகவிடவில்லை. மறு ஆண்டு குழு கலைந்தது. 1968இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அதன்பின் பூட்டிய மாளிகைக்குள் காவலில் இருந்ததுபோல் வாழ்ந்ததாகவும், காலணிகளைக்கூடக் கணவர் பறித்து வைத்துக்கொண்டதாகவும் ரானி பின்னர் எழுதினார். 1972இல் தாயின் துணையோடு வெறுங்காலுடன் வெளியேறினார்.

இனி பாட்டுகளின் வருமானம் பற்றிய வழக்குக்கு வருகிறேன். 1963 ஒப்பந்தத்தின்படி மூவருக்கும் சேர்த்துக் கிடைத்த முன்பணம் ஏறத்தாழ 15,000 டாலர். அதற்குப் பிறகு உரிமத்தொகை என்று ஒரு காசும் வரவில்லை. 1987இல் 'டர்ட்டி டான்சிங்' திரைப்படம் தொடங்கும்போதே ரானியின் குரல்தான் ஒலித்தது. அதற்கான பணம் வேறெங்கோ போயிற்று. 1988இல் மூவரும் ஃபில் மீது வழக்குத் தொடர்ந்தனர். கீழ் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாக 26 லட்சம் டாலருக்கும் மேல் வழங்கியது. 2002இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அதை மாற்றியது. ஒலிப்பதிவுகளின் உரிமையை ஒப்பந்தம் எந்த வரம்பும் இன்றித் தயாரிப்பாளருக்கே தந்துவிட்டது என்றும், ஆகவே திரைப்படத்துக்கு உரிமம் கொடுத்து வரும் பணத்தில் பாடகிகளுக்குப் பங்கில்லை என்றும் மன்றம் கூறியது. தட்டு விற்பனையில் மட்டும், பழைய ஒப்பந்தத்தின் விகிதப்படி, அவர்களுக்குத் தொகை சேரவேண்டும் என்றது. சட்டத்தின் கண்ணில் அது சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். ஆனால் கையெழுத்திட்டவர்கள் இருபது வயதையொட்டிய பெண்கள் என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது.

இடைப்பட்ட காலத்தில் ரானி சும்மா இருக்கவில்லை. 1986இல் பாடகர் எடி மணியின் பாட்டொன்றில் 'பி மை பேபி' என்ற தம் பழைய வரியைத் தாமே மீண்டும் பாடினார்; அது நான்காம் இடம் வரை ஏறியது. 2007இல் ரொனெட்ஸ் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டனர். பதிவு யாருடையதாக இருந்தாலும் மேடையில் பாடுவதற்குத் தடை ஏதும் இல்லை. 2022 ஜனவரி 12 அன்று 78 வயதில் புற்றுநோயால் காலமாகும் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, அந்த டிரம்ஸ் அடிகளுக்குப் பின் ரானி மேடையில் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.