சொந்த இணையதளம் எப்போது தேவைப்படுகிறது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இணையவழியில் தொழில் செய்வோர் ஒரு கட்டத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ அமேசான் போன்ற விற்பனைத் தளத்திலோ வியாபாரம் ஓரளவு நடந்துகொண்டிருக்கும்போது, இனி நமக்கென்று சொந்த இணையதளம் வேண்டுமா, அதற்கான நேரம் வந்துவிட்டதா என்பதே அந்தக் கேள்வி. தொழில் தொடங்கி எத்தனை ஆண்டாயிற்று, மாதம் எவ்வளவு விற்கிறது என்பவற்றை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. வாங்க வருகிறவர் கேட்பதற்கெல்லாம் இப்போதிருக்கும் இடத்தில் ஒழுங்காகப் பதில் வைக்க முடிகிறதா, ஒருமுறை வாங்கியவரை மறுபடி அணுக வேறொருவரின் தயவு தேவைப்படுகிறதா என்ற இரண்டையும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். சிறுதொழில் செய்வோருக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தும், சிலரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியும் வருகிற நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இது.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தை முதலில் பார்த்துவிடுவோம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு எந்தப் பொருள் போகும், எது தேங்கும் என்பதே தெரிந்திருக்காது. விலையும் அளவும் வாரத்துக்கு ஒருமுறை மாறும். அந்த நிலையில், ஏற்கெனவே கூட்டம் இருக்கிற இடத்தில் விற்றுப் பார்ப்பதுதான் அறிவுடைமை. அமேசான் 2000-ஆம் ஆண்டில் பிற விற்பனையாளர்களுக்கும் தன் தளத்தில் இடம் கொடுத்தது. கைவினைப் பொருட்களுக்கென்று எட்ஸி 2005-இல் வந்தது. பெயர் தெரியாத விற்பனையாளரிடம் அங்கே ஒருவர் துணிந்து பணம் கட்டுகிறார் என்றால், பொருள் வராவிட்டால் அந்தத் தளத்திடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற நம்பிக்கைதான் காரணம். நேற்றுத் திறந்த இணையதளத்துக்கு அந்த நம்பிக்கையும் கிடையாது, கூட்டமும் கிடையாது. இணையதளம் போட்டுவிட்டால் ஆர்டர் தானாக வந்து குவியும் என்று நம்பிக் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டு, மாதக்கணக்கில் ஆள் வராத பக்கத்தைப் பார்த்து மனம் சோர்ந்துபோகிறவர்களைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணம் நல்ல புகைப்படங்களுக்கோ உறுதியான பேக்கிங்குக்கோ பயன்பட்டிருக்கலாம். பதிவு போட்ட சில மணி நேரத்திலேயே எல்லாம் விற்றுத் தீர்ந்துவிடுகிற, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்கிற பொருளைச் செய்பவருக்கும் அவசரம் எதுவும் இல்லை.

சரி, நேரம் வந்துவிட்டது என்பதை எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது? தொழில் செய்கிறவரின் மெசேஜ் பெட்டியைப் பார்த்து என்பேன். துணிப்பை தைத்து விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் போனைத் திறக்கிறார். இந்தப் பைக்குள் 15 இன்ச் லேப்டாப் போகுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதே கேள்விக்கு மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு பதிவின் கீழே அவரே விளக்கமாகப் பதில் எழுதியிருக்கிறார். அந்தப் பதிவு எங்கோ அடியில் போய்விட்டதால் மறுபடி டேப்பை எடுத்து அளந்து சொல்கிறார். துவைத்தால் சாயம் போகுமா, எத்தனை நாளில் கைக்கு வரும், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று அடுத்தடுத்துக் கேள்விகள். இரவு 11 மணிக்கு விலை கேட்ட ஒருவர், பதில் வராததால் வேறு இடத்தில் வாங்கிவிட்டதாகக் காலையில் எழுதியிருக்கிறார். வந்த ஆர்டரிலோ பெயர் ஒரு மெசேஜில், முகவரி இன்னொன்றில், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் வேறொன்றில் என்று சிதறிக் கிடக்கிறது. அதையெல்லாம் கூட்டிச் சேர்த்து நோட்டில் எழுதும்போது பச்சை கேட்டவருக்கு நீலம் போய்விடுகிறது. தையலுக்குப் போக வேண்டிய நேரத்தைத் தட்டச்சு தின்றுவிடுகிறது.

இந்த நிலையிலும் நேரே இணையதளத்துக்குத் தாவ வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்லாக் இருக்கிறது; அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதிலைச் சேமித்து வைத்து ஒரே தொடுதலில் அனுப்பும் வசதியும் இருக்கிறது. அவற்றைச் சில வாரம் பயன்படுத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் அதே கேள்விகள் அதே வேகத்தில் வந்தால், ஆர்டர் எழுதுவதில் பிழை தொடர்ந்தால், உங்கள் தொழில் அந்த இடத்துக்குள் அடங்கவில்லை என்று பொருள். பைக்குள் லேப்டாப் வைத்து எடுத்த படம், நீள அகலம், துவைக்கும் முறை, அனுப்ப ஆகும் நாள், திருப்பி எடுக்கும் நிபந்தனை ஆகியவை ஒரே பக்கத்தில் நிலையாக இருந்து, வாங்குகிறவர் தம் முகவரியைத் தாமே நிரப்பிப் பணம் கட்டுகிற ஏற்பாடும் சேர்ந்துவிட்டால், பாதி உரையாடல் தேவையற்றதாகிவிடும். இன்னொரு பயனும் உண்டு. லேப்டாப் வைக்கத் துணிப்பை வேண்டும் என்று கூகுளில் தேடுகிறவர் உங்கள் பெயரை அறியாதவர். அவருடைய கண்ணில் படுவதற்குத் தெளிவாக எழுதப்பட்ட ஒரு பக்கத்துக்கு வாய்ப்பு உண்டு. அதற்குப் பல மாதங்கள் ஆகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

தனி ஆட்களுக்கு விற்காமல் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பவரும், மொழிபெயர்ப்பு, கணக்கு போன்ற சேவைகளைத் தருகிறவரும் இந்த முடிவை இன்னும் முன்னதாகவே எடுக்க வேண்டியிருக்கும். கொள்முதல் செய்யும் அலுவலர் தம் மேலதிகாரிக்குக் காட்ட ஓர் இணையதள முகவரி கேட்பார். ரீல்ஸ் காட்டி அவர் ஒப்புதல் வாங்க முடியாது.

இப்போது, வாங்கியவரை மறுபடி அணுகுவது என்ற இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்புப் பணியின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையால் அந்நிறுவனத்தின் தகவல் மையங்களை இணைக்கும் வலைப்பின்னல் அறுந்தது. அதன் தொடர்ச்சியாக, அந்தத் தளங்கள் எங்கே இருக்கின்றன என்பதை இணையத்துக்குச் சொல்லும் சர்வர்களையும் எவரும் எட்ட முடியாமல் போயிற்று. மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை என்பதால், இன்ஸ்டாகிராமில் கடையும் வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் தொடர்பும் வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் இழந்தார்கள். சற்று நேரத்தில் மீண்டும் கிடைத்துவிடும் என்று காத்திருந்தவர்களுக்கு வாங்கியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவும் வழியில்லை.

அது திரும்பி வந்தது. திரும்பி வராதவையும் உண்டு. இலவசமாக இணையப் பக்கம் அமைத்துக்கொள்ள உதவிய தன் ஜியோசிட்டீஸ் சேவையை யாஹூ 2009-இல் பெரும்பாலான நாடுகளில் மூடியது. கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. கூகுள் தன் பிசினஸ் புரொஃபைல் வழியாகச் சிறுதொழில்களுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த எளிய இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. எந்தத் தளமும் மூடப்படாமலேயே நிலைமை மாறுவதும் நடக்கும். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று அறிவித்தபோது, பல ஆண்டுகள் பாடுபட்டுப் பின்தொடர்வோரைச் சேர்த்திருந்த தொழில் பக்கங்களின் பதிவுகள் அவர்களின் கண்ணில் படுவது குறைந்தது. பின்தொடர்வோர் எண்ணிக்கை அப்படியே இருந்தது. அவர்களை எட்டும் வழிதான் குறுகியது.

ஆகவே, உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது இது. நாளைக் காலையில் உங்கள் கணக்கு திறக்கவில்லை என்றால், இதுவரை உங்களிடம் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு நீங்களாகவே செய்தி அனுப்ப முடியும்? அமேசானில் விற்பவருக்கு வாங்கியவரின் உண்மையான மின்னஞ்சல் முகவரி தரப்படுவதில்லை. மாற்று முகவரி ஒன்றுதான் காட்டப்படும், அதற்கு விளம்பரம் அனுப்பவும் தடை உண்டு. ஆயிரக்கணக்கான ஆர்டர்களை அனுப்பியவரிடம்கூட ஒரு வாடிக்கையாளரின் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். மறுபடி மறுபடி வந்து வாங்குகிறவர்களால் உங்கள் தொழில் நடக்கிறது என்றால், இந்தக் கேள்விக்கான பதில் ஒன்றே போதும்; மற்ற எதையும் எடைபோடத் தேவையில்லை.

சொந்த இணையதளம் என்பதும் முழுச் சுதந்திரம் அல்ல. தளத்தைத் தம் கணினிகளில் வைத்து இயக்கும் ஹோஸ்டிங் ஒருவருடையது, பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே இன்னொருவருடையது. இவர்களில் ஒருவர் சரியில்லை என்றால் வேறு ஒருவரிடம் போகலாம், அப்போதும் வாங்குகிறவர் அதே முகவரியைத் தட்டி உங்களிடம் வந்து சேர்வார் என்பதுதான் வேறுபாடு. இணையக் கடை அமைக்க உதவும் ஷாப்பிஃபை போன்ற சேவைக்கு மாதக் கட்டணம் கட்டினால் பராமரிப்பை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இணையதளம் அமைக்க 2003-இல் வந்த வேர்ட்பிரஸ்ஸும், அதனோடு சேர்ந்து கடையாக இயங்கும் வூகாமர்ஸும் இலவச மென்பொருள்கள். ஆனால் அவற்றையும், அவற்றோடு சேர்க்கும் கூடுதல் வசதிகளான பிளகின்களையும் அவ்வப்போது அப்டேட் செய்யாமல் விட்டால் தளத்துக்குள் திருடர் நுழைய வழி திறந்துவிடும். அதைக் கவனிக்க ஆளோ நேரமோ இல்லாதவர் மாதக் கட்டணம் கட்டுவதே நல்லது என்று தயங்காமல் சொல்வேன். சென்ற ஆண்டு விலையைக் காட்டிக்கொண்டிருக்கும் இணையதளம், இணையதளம் இல்லாததைவிடக் கெடுதலானது. தொடக்கத்தில் நாலைந்து பக்கங்கள் போதும். போனில் விரைவாகத் திறக்கிறதா என்று மட்டும் நீங்களே சோதித்துப் பாருங்கள்.

கடைசியாக, எல்லாருக்கும் இன்றே பொருந்தும் ஒரு வேலை இருக்கிறது. இணையதளம் அமைப்பதற்கு முன்பே டொமைன் பெயரை, அதாவது உங்கள் தளத்துக்கு வர வாங்குகிறவர் தட்டும் இணைய முகவரியை, பதிவு செய்துவிடுங்கள். அதை உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். தளம் அமைத்துக் கொடுப்பவர் தம் கணக்கில் வாங்கி வைத்திருந்து, பிறகு தொடர்பே அற்றுப்போனதால் சொந்தப் பெயரை மீட்க அலைகிறவர்கள் இருக்கிறார்கள். டொமைன் பெயரை ஒரேயடியாக விலைக்கு வாங்கிவிட முடியாது. டாட் காம் பெயரானால் ஒரு நேரத்தில் அதிகபட்சம் பத்து ஆண்டுக்குப் பதிவு செய்யலாம், பிறகு புதுப்பிக்க வேண்டும். காலம் கடந்து நீக்கப்பட்ட பெயரை மீட்க 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதுவும் கடந்தால் யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்க வேண்டாம். பெயர் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும், புதுப்பிக்கச் சொல்லும் எச்சரிக்கையும் உங்களுக்கு வந்து சேராது.

இணையதளம் இன்னும் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தவரும், அந்தப் பெயரைத் தட்டினால் இப்போதைய இன்ஸ்டாகிராம் பக்கமோ வாட்ஸ்அப் எண்ணோ திறக்கும்படி ரீடைரக்ட் செய்து வைக்கலாம். பார்சலிலும் பில்லிலும் விசிட்டிங் கார்டிலும் அந்தப் பெயரையே அச்சிடுங்கள். பிறகு எப்போது இணையதளம் தயாரானாலும் ரீடைரக்டை மட்டும் மாற்றினால் போதும். ஏற்கெனவே வாங்கியவர்களின் கையிலிருக்கும் கார்டில் உள்ள முகவரியே அவர்களைப் புதிய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

நன்றி. வணக்கம்.