வெட்டுன தரையில நில்லு, கொட்டுன மண்ணுல நிக்காத | சிலாவோஸ் மலையில பொக்லைன் வேலை | ரீயூனியன் தமிழ் வ்லாக்

வணக்கம் மக்களே! இன்னிக்கு இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற பிரெஞ்சுத் தீவு ரீயூனியன்ல, சிலாவோஸ் மலைக்குள்ளேருந்து பேசுறேன். காலையில ஏழு மணி ஆவுது. இந்த ஊருல பதினொரு மணிக்கு மேல மேகம் ஏறி வந்து பள்ளத்தாக்கையே மூடிடும், அப்புறம் கேமராவுல ஒண்ணும் தெரியாது. அதனால வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பேசிடுறேன்.

கோத்தகிரி பக்கத்துல பொக்லைன் ஓட்டுற ஒரு தம்பி கேட்டிருந்தாரு. "அண்ணே, சரிவுல வண்டிய நிறுத்தினாலே வயித்தக் கலக்குது, நீங்க எப்படி அங்க வேலை பாக்குறீங்க"ன்னு. நல்ல கேள்வி தம்பி. வயித்தக் கலக்குறது நல்லதுதான், அந்த பயம் போயிடக் கூடாது. இந்த வீடியோ முழுக்க உங்களுக்குத்தான்.

முதல்ல இடத்தக் காட்டுறேன். அதோ மேல தெரியுது பாருங்க, அதுதான் சேன் லூயிலேருந்து சிலாவோஸ் வர்ற ரோடு. 1932ல தொறந்தது. வளைவு மட்டும் 400க்கு மேல. ரோடு வர்றதுக்கு முன்னாடி இங்க வெந்நீர் ஊத்துல குளிச்சு நோவு தீத்துக்க வர்ற பணக்காரங்கள நாற்காலியில உக்கார வெச்சு, கூலி ஆளுங்க தோள்ல தூக்கிக்கிட்டு இந்த மலை ஏறுவாங்களாம். இப்ப அந்த ரோட்டுக்குக் கீழ மழையில கரைஞ்சுபோன சரிவுல கம்பிவலைக் கூண்டு வெச்சு கல்லடுக்கிச் சுவர் கட்டணும். அதுக்கு அடித்தளம் வெட்டுறதுதான் நம்ம வேலை.

இந்த மலையோட வயித்தப் பாருங்க. கருப்பா கெட்டியா இருக்கே, அது எரிமலைப் பாறை. அதுக்குக் கீழ செவப்பா, பொலபொலன்னு ஒரு அடுக்கு. மறுபடியும் பாறை, மறுபடியும் பொலபொலப்பு. எரிமலை ஒவ்வொரு தடவையும் கக்குனது ஒண்ணு மேல ஒண்ணா படிஞ்சு கெடக்கு. மேல பெய்யுற தண்ணி பாறை வெடிப்பு வழியா எறங்கி, கீழ இருக்கிற செவப்பு அடுக்க அரிச்சு எடுத்துரும். அடியில பிடி இல்லாம மேல உள்ள பாறை லாரி லாரியா வந்து விழும். மழைன்னா சாதாரண மழை இல்ல. 1966 ஜனவரியில ஒரு புயல் வந்தப்போ, இந்தத் தீவுல ஃபோக் ஃபோக்ங்கிற இடத்துல 24 மணி நேரத்துல 1,825 மில்லிமீட்டர் கொட்டுச்சு. ஒரு நாள் மழையில அதுதான் இன்னிக்கும் உலக சாதனை. நம்ம காரைக்கால்ல ஒரு வருஷம் பூரா பெய்யுறத விட அது அதிகம். பக்கத்துப் பள்ளத்தாக்கு சலாசியில 1875ல மலைச் சரிவு ஒரு குடியிருப்பையே மூடி 60 பேருக்கு மேல செத்தாங்க. 2006ல கடலோர ரோட்டுல பாறை விழுந்து ரெண்டு பேரு போனாங்க. அந்த மலையோட மல்லுக்கட்ட வேணாம்னு ரோட்டுல ஒரு பகுதிய கடலுக்குள்ள பாலமா போட்டு 2022ல தொறந்தாங்க, 5 கிலோமீட்டருக்கு மேல நீளம். என்னைக் கேட்டா அது சரியான முடிவு. ஆனா சிலாவோஸ்க்கு கடல் கிடையாது. இந்தச் சரிவோடதான் வாழ்ந்தாகணும்.

சரி தம்பி, விஷயத்துக்கு வரேன். சரிவுல ஒரு ஆபரேட்டர் வெட்ட வேண்டிய முதல் இடம், தான் நிக்கப்போற இடம்தான். மேஸ்திரி காட்டுற குழி அதுக்கப்புறம்தான். நம்ம ஊருல பெரும்பாலும் என்ன பண்றாங்க? மலைப் பக்கம் பாதி வெட்டுறது, அந்த மண்ண பள்ளத்துப் பக்கம் தள்ளி பக்கெட்டால ரெண்டு தட்டு தட்டுறது, அதுக்கு மேலயே வண்டிய ஏத்திடுறது. பாக்க சமமா ரோடு மாதிரி இருக்கும். ஆனா உள்பக்கச் செயின் (சக்கரத்துக்குப் பதிலா வண்டி ஓடுற இரும்புப் பட்டை) வெட்டுன கெட்டித் தரையிலயும், வெளிப்பக்கச் செயின் கொட்டுன மண்ணுலயும் நிக்குது. அந்தக் கொட்டுன மண்ணுக்கு அடியில பழைய புல்லு, வேரு, மேல்மண்ணு எல்லாம் அப்படியே கெடக்கு. அது மக்கும், தண்ணி அந்த இடுக்குலதான் ஓடும். நீங்க பக்கெட் நெறைய மண்ணோட பள்ளத்துப் பக்கம் ஸ்விங் அடிக்கிறப்போ, அதாவது வண்டியோட மேல் உடம்பத் திருப்புறப்போ, மொத்த எடையும் அந்த வெளிச்செயின் மேலதான் எறங்கும். அப்ப வழுக்குனா உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது.

அதனால வண்டியோட முழு அகலமும் வெட்டுன தரையில உக்காரணும். நாலு மீட்டர் வேணும்னா நாலு மீட்டரும் மலைக்குள்ள வெட்டி எடுக்கணும். மண்ணு நெறைய வரும், நேரம் ஆவும், டீசல் ஆவும். முதலாளி மூஞ்சி சுளிப்பாரு. சுளிக்கட்டும். வெட்டுன மண்ண ஓரத்துல குவிக்காம, லாரியில ஏத்தி வெளிய கொண்டுபோங்க. சரிவுல தள்ளி விட்டீங்கன்னா, அடுத்த மழைக்கு அது கீழ இருக்கிறவன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும்.

வண்டிய ஓரத்துல எப்படி நிறுத்துறதுங்கிறதும் முக்கியம். இங்க பாருங்க, செயின் ரெண்டும் ஓரத்துக்கு நேரா பாக்குது, பக்கவாட்டுல இல்ல. செயின ஓட்டுற பல்சக்கரம், ஸ்ப்ராக்கெட், பின்னாடி. தரை அசையுற மாதிரி இருந்தா ரெண்டு லிவரையும் இழுத்தாப் போதும், நேரா பின்னாடி வந்துடலாம். பக்கவாட்டுல நிறுத்தியிருந்தா, வண்டி நகர்ந்தாலும் அதே ஓரத்துலதான் ஓடிக்கிட்டிருக்கும். ஏறும்போது பக்கெட்ட முன்னாடி நீட்டி, தரைக்கு ஒரு சாண் மேல வெச்சுக்குங்க. எறங்கும்போதும் அப்படித்தான். சறுக்குனா உடனே ஊன்றதுக்கு அதுதான் கைத்தடி. சரிவுல குறுக்க ஓட்டாதீங்க, நடுச்சரிவுல திருப்பாதீங்க. எவ்வளவு சரிவு வரைக்கும் என்ஜின்ல ஆயில் ஒழுங்கா ஏறும்னு வண்டி புஸ்தகத்துல போட்டிருப்பான், அதையும் பாத்துக்குங்க.

இதெல்லாம் செயின் வண்டிக்கு. அதோ அந்தப் பக்கம் நிக்குதே, அதுக்கு நாலு கால். சுவிட்சர்லாந்து பக்கம் ஆல்ப்ஸ் மலைக்காக 1960கள்ல கண்டுபிடிச்ச வண்டி, இங்க பிரெஞ்சுல பெல் அரேஞ்ஞேன்னு சொல்வாங்க. நான் சிலந்தி வண்டின்னுதான் சொல்றது. ஒவ்வொரு காலையும் தனித்தனியா மேல, கீழ, பக்கவாட்டுல நகத்தலாம். மேட்டுப் பக்கக் காலை மடக்கி, பள்ளத்துப் பக்கக் காலை நீட்டுனா, சரிவு எப்படி இருந்தாலும் கேபின் சமமா நிக்கும். பக்கெட்ட ஊனி, உடம்பை இழுத்து, அடியடியா ஏறும். ரொம்பச் செங்குத்தா இருந்தா மேல பாறையில ஆங்கர்னு ஒரு பிடிமானம் அடிச்சு, வண்டிய இழுத்துப் பிடிக்கிற வின்ச் கம்பி மாட்டிக்குவோம். அந்த ஆங்கரத்தான் நான் எல்லாத்துக்கும் முன்னாடி பாப்பேன். மரத்துல கட்டுறதுன்னா வேரு எங்க பிடிச்சிருக்குன்னு தெரியணும். பக்கத்துப் பள்ளத்தாக்கு மஃபாத்துக்கு ரோடே கிடையாது. அங்க கல்லு, சிமெண்டு எல்லாமே ஹெலிகாப்டர்ல தொங்கிக்கிட்டுத்தான் போவும்.

காலையில வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நடந்து மேல போங்க தம்பி. கீழேருந்து பாத்தா மலை எப்பவும் நல்லாத்தான் தெரியும். மேல தரையில புதுசா வெடிப்பு இருக்கா? நேத்து நேரா நின்ன மரம் இன்னிக்குச் சாஞ்சிருக்கா? ஊத்துத் தண்ணி தெளிவா வந்துக்கிட்டிருந்தது கலங்கி வருதா? இதுல ஒண்ணு இருந்தாலும் சாவிய எடுத்துப் பையில போட்டுக்குங்க. வெட்டுன சரிவுக்கு மேல ஒரு கால்வாய் வெட்டி மழைத்தண்ணிய ஓரமா கொண்டுபோய் விடுங்க. மழைக்கு முன்னாடி அத வெட்டலன்னா, மழைக்கு அப்புறம் வெட்ட சரிவே இருக்காது.

லைசென்ஸ் பத்தியும் கேட்டிருந்தீங்க. ரீயூனியன் பிரான்சோட மாநிலம் மாதிரிதான், சட்டம் அதே சட்டம். காசெஸ்னு ஒரு பரீட்சை, அதுல ஆறு டன்னுக்கு மேல உள்ள பொக்லைனுக்கு பி1ங்கிற பிரிவு. பத்து வருஷம் செல்லும். அது மட்டும் போதாது, உங்க முதலாளியும் இந்த வண்டிய ஓட்டலாம்னு எழுத்துல அனுமதி கொடுக்கணும். இங்க இன்னொரு சட்டம் இருக்கு. உயிருக்கு உடனடி ஆபத்துன்னு நியாயமா தோணுச்சுன்னா, வேலையாள் சொல்லிட்டு எறங்கி வந்துடலாம், சம்பளத்துல கை வைக்க முடியாது. நம்ம ஊரு மலையில வேலை பாக்குற பசங்களுக்கும் இது நடைமுறையில வரணும்னு நான் மனசார ஆசைப்படுறேன். நீலகிரியில மண்ணு வெட்டுற வண்டிக்கு கலெக்டர் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும், அது நல்ல விஷயம். ஆனா வாங்குன அப்புறம் வண்டியில உக்காந்திருக்கிறவன் "முடியாது"ன்னு சொன்னா அவனுக்கு யாரு துணை? அத சங்கமா சேந்து கேக்கணும் தம்பி, தனி ஆளாச் சொன்னா அடுத்த நாள் வேற ஆளு வந்துடுவான்.

கடைசியா ஒண்ணு. சீட் பெல்ட் போடுங்க. வண்டி சாயுறப்போ குதிச்சா அது நம்ம மேலதான் விழும். கேபின் நம்மளக் காப்பாத்தத்தான் அப்படிக் கெட்டியா செஞ்சிருக்கான், அதுக்குள்ளயே இருங்க.

மேஸ்திரி கையக் காட்டுறாரு, ஆங்கர் பாக்கக் கூப்பிடுறாரு. அடுத்த வீடியோவுல வின்ச் கம்பி மாட்டுறத பக்கத்துலேருந்து எடுத்துக் காட்டுறேன். கோத்தகிரித் தம்பி, உங்க சைட்டு எந்தச் சரிவுல இருக்கு, என்ன மண்ணுன்னு எழுதுங்க, அதையும் சேத்துப் பேசுவோம்.